மேல்தாடையில் எலும்பு குறைந்த இடத்தில் இம்பிளான்ட்: சைனஸ் லிஃப்ட் சிகிச்சையில் உண்மையில் என்ன நடக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மேல்தாடையின் ஒரு பக்கத்தில் முதல் கடைவாய்ப்பல்லும் இரண்டாம் கடைவாய்ப்பல்லும் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது அங்கே இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) வைத்துக்கொள்ளலாம் என்று போனபோது, ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், அந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சியிருக்கிறது என்றும், முதலில் சைனஸ் அறையின் தரையை உயர்த்தி எலும்புத் தூள் வைக்க வேண்டும் என்றும், அதன்பின் 6 முதல் 9 மாதங்கள் பொறுத்தே இம்பிளான்ட் பொருத்த முடியும் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த அறுவைச் சிகிச்சை தேவைதானா, சைனஸில் கை வைப்பது ஆபத்தில்லையா, ஏன் இத்தனை மாதக் காத்திருப்பு, இதைத் தவிர்க்க வழி உண்டா என்பவை கேள்வியாளரின் ஐயங்கள்.

வாய் அறுவைச் சிகிச்சைத் துறையில் இருப்பவன் என்ற முறையில், இதைக் கேட்கும் பலரிடமும் நான் காணும் ஒரு தவறான எண்ணத்திலிருந்து தொடங்குகிறேன். வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்படும் தூளே இறுகி எலும்பாக மாறிவிடுகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் தூள் செய்யும் முதன்மையான வேலை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான். எலும்பு உங்கள் தாடையிலிருந்தே, உங்கள் இரத்த நாளங்களையும் உங்கள் உயிரணுக்களையும் கொண்டு, அறையின் சுவர்களிலிருந்து மெல்ல மெல்ல உள்நோக்கி வளர்ந்து வருகிறது. இதை மனத்தில் பதித்துக்கொண்டால், மருத்துவர் சொல்லும் காத்திருப்பும், புகைக்கக்கூடாது என்பதும், இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது என்பதும் தனித்தனிக் கட்டளைகளாக இல்லாமல் ஒரே காரணத்தின் கிளைகளாகத் தெரியும்.

முதலில் எலும்பு எங்கே போயிற்று என்று பார்ப்போம். கன்ன எலும்புக்குப் பின்னால், கண்குழிக்குக் கீழே, மூக்கின் இரு பக்கங்களிலும் மேல்தாடை எலும்புக்குள் காற்று நிரம்பிய ஓர் அறை உண்டு. இதுவே சைனஸ். இதை 1651-இல் ஆங்கிலேய மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் விரிவாக விவரித்தார். அதனால் இன்றும் சில நூல்களில் இது ஹைமோர் குகை என்ற பெயரில் வரும். வளர்ந்த ஒருவருக்கு இதன் கொள்ளளவு ஏறத்தாழ 12 முதல் 15 மில்லிலிட்டர். படுக்க வைத்த கூம்பு போன்ற வடிவம்: அடிப்பகுதி மூக்குப் பக்கம், முனை கன்ன எலும்புப் பக்கம், கூரை கண்குழியின் தரை, தரை நம் மேல் கடைவாய்ப் பற்கள் ஊன்றி நிற்கும் எலும்பு. கடைவாய்ப் பற்களின் வேர்கள் இந்தத் தரையை நெருங்கியே இருக்கும்; சிலருக்கு வேர்நுனிக்கும் அறைக்கும் இடையே மெல்லிய எலும்புத் தகடுகூட இருக்காது, வெறும் சவ்வு மட்டுமே இருக்கும்.

பல் இருக்கும்வரை, மெல்லும்போது ஏற்படும் விசை வேர் வழியாக எலும்புக்குள் இறங்கி, அந்த எலும்பை உயிர்ப்புடன் வைத்திருக்கிறது. பல் போனபின் அந்த எலும்புக்கு வேலை இல்லை. வேலையற்ற எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. கீழிருந்து, வாய்ப் பக்கமாக, எலும்பு முகடு தேய்ந்து மேல்நோக்கிப் போகிறது. அதே காலத்தில் மேலிருந்து, அறைப் பக்கமாக, சைனஸ் கீழ்நோக்கி விரிகிறது. இரு பக்கமும் அரிக்கப்படும் கரையைப் போல நடுவில் உள்ள எலும்பு மெலிந்து போகிறது. பல் எடுத்து எத்தனை ஆண்டுகள் ஆயின, எப்படி எடுக்கப்பட்டது, எடுப்பதற்கு முன் ஈறு நோயோ வேர்நுனிச் சீழோ எவ்வளவு எலும்பைத் தின்றிருந்தது என்பவற்றைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். உங்களுக்கு 3 மில்லிமீட்டர் மிஞ்சியிருப்பது அரிய நிலை ஒன்றும் அல்ல. ஒரு மில்லிமீட்டருடன் வருபவர்களும் உண்டு.

இன்னொரு சிக்கலும் அந்த இடத்துக்கு உண்டு. எலும்பின் அடர்த்தியை நான்கு வகைகளாகப் பிரிக்கும் ஒரு முறையை 1985-இல் லெக்ஹோம், சார்ப் என்ற இருவர் வகுத்தார்கள். மேல்தாடையின் பின்பகுதி எலும்பு பெரும்பாலும் அந்த வரிசையின் மூன்றாம், நான்காம் வகைகளில், அதாவது மெல்லிய ஓட்டுக்குள் தளர்ந்த பஞ்சு போன்ற உள்ளீடு கொண்ட வகைகளில், வந்து விழும். ஆக, வாயில் மெல்லும் விசை மிகுதியாக விழும் இடத்தில்தான் மிகவும் மென்மையான எலும்பு இருக்கிறது. வழக்கமான 8 முதல் 10 மில்லிமீட்டர் நீள இம்பிளான்ட்டை 3 மில்லிமீட்டர் மென்மையான எலும்பில் நிறுத்தினால், அதன் பெரும்பகுதி எந்தப் பிடிப்பும் இல்லாமல் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உயரத்தைக் கூட்டச் சொல்வதன் காரணம் இதுவே.

இந்தச் சிகிச்சையில் உண்மையான கதாநாயகன் சவ்வுதான். அறையின் உட்புறம் முழுவதையும் போர்த்தியிருக்கும் இந்தச் சவ்வு, நலமாக இருக்கும்போது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பே உடையது. ஆனால் அது வெறும் உறை அல்ல. மூக்கின் உட்புறத்தைப் போலவே கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நிறைந்த, இடைவிடாமல் வேலை செய்யும் ஓர் உறுப்பு. அது சளிப் படலம் ஒன்றைச் சுரந்து, தூசியையும் கிருமிகளையும் அதில் ஒட்ட வைத்து, நுண்மயிர்களின் அசைவால் அந்தப் படலத்தை அறையின் மேற்பகுதியில் உள்ள வடிகால் துளைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. துளை தரையில் இல்லாமல் மூக்குப் பக்கச் சுவரின் உச்சியில் இருப்பது சளியை வடிப்பதற்கு வசதியானது அல்ல. சளி தேங்கிச் சைனஸ் அழற்சி அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நம் அறுவைச் சிகிச்சைக்கு அதே அமைப்பு பெரிய உதவி. தரையிலிருந்து துளை பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், தரையைப் 10 மில்லிமீட்டர் உயர்த்தினாலும் வடிகால் அடைபடுவதில்லை. வைக்கப்படும் தூளும் ஓரிரு பற்களின் இடத்துக்குச் சில மில்லிலிட்டர்தான். மூச்சு விடுவதிலோ குரலிலோ மாற்றம் வருமோ என்று கேட்பவர்கள் அந்த அச்சத்தை விட்டுவிடலாம்.

அந்தச் சவ்வைக் கிழிக்காமல் எலும்பிலிருந்து பிரித்து மேலே தள்ளி, அதற்கும் பழைய தரைக்கும் நடுவே ஓர் இடைவெளியை உருவாக்கி, அந்த இடைவெளி மீண்டும் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் சைனஸ் லிஃப்ட். அமெரிக்காவில் ஹில்ட் டேட்டம் என்ற பல் மருத்துவர் 1970-களின் நடுவில் இதைச் செய்து காட்டினார். பாயின், ஜேம்ஸ் ஆகிய இருவர் 1980-இல் மருத்துவ இதழில் முதன்முதலாக இதை வெளியிட்டார்கள். அதாவது, சிலர் அஞ்சுவதுபோல் இது நேற்று வந்த சோதனை முயற்சி அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்யப்பட்டு, நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்க்கப்பட்ட சிகிச்சை. பக்கவாட்டிலிருந்து அறைக்குள் நுழையும் வழியோ அதைவிடவும் பழையது. சைனஸ் நோய்களுக்காகக் கால்ட்வெல், லூக் என்ற இரு மருத்துவர்கள் 1890-களிலேயே கன்னத்தின் உட்புறமாக அறையைத் திறந்திருக்கிறார்கள்.

3 மில்லிமீட்டர் எலும்பு உள்ளவருக்கு வழக்கமாகச் செய்வது பக்கவாட்டு முறை. மரப்பு ஊசி போட்டே செய்யலாம். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எலும்பு முகட்டின் மேல் ஈறைக் கீறி, கன்னப் பக்கமாக விலக்கினால், அறையின் பக்கச் சுவர் தெரியும். அதில் நீள்வட்ட வடிவில் ஒரு சிறு ஜன்னல் திறக்கப்படும். வைரத்துகள் பதித்த உருண்டை முனையாலோ, மீயொலி அதிர்வில் இயங்கும் பீசோ கருவியாலோ எலும்பை மெல்லத் தேய்த்துக்கொண்டே போகும்போது, முட்டை ஓட்டை உரித்தால் உள்ளே தெரியும் வெள்ளைத் தோலைப் போல, நீலச் சாம்பல் நிறத்தில் சவ்வு தெரியத் தொடங்கும். பீசோ கருவி கடினமான எலும்பை அறுக்கும், மென்மையான திசுவில் பட்டால் எளிதில் அறுக்காது. இத்தாலியரான டொமாசோ வெர்செல்லோட்டி 2001-இல் சைனஸ் லிஃப்டுக்கு இதைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டபின் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. நல்ல கருவிதான், ஆனால் கருவி இருப்பதாலேயே கிழிசல் நேராது என்று யாரும் உறுதி தர முடியாது. அதன்பின், வளைந்த மழுங்கிய கருவிகளால் சவ்வைத் தரையிலிருந்தும், முன்புறம் பின்புறங்களிலிருந்தும், இறுதியாக மூக்குப் பக்கச் சுவரிலிருந்தும் பிரித்து எடுக்கிறோம். நோயாளியை மூக்கு வழியாக மூச்சு விடச் சொன்னால், கிழியாத சவ்வு மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணம் எனக்கு நிம்மதியைத் தருகிறது.

மூக்குப் பக்கச் சுவர்வரை சவ்வைப் பிரிப்பது அவசரத்தில் விடுபட்டுப் போகும் ஒரு படி. அது ஏன் இன்றியமையாதது என்பதற்கு, நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கே திரும்ப வேண்டும். புதிய எலும்பு சுவர்களிலிருந்துதான் வளர்கிறது. கன்னப் பக்கச் சுவர், தரை, மூக்குப் பக்கச் சுவர் ஆகிய மூன்றும் தூளைத் தொட்டுக்கொண்டிருந்தால், மூன்று பக்கங்களிலிருந்தும் இரத்த நாளங்கள் உள்ளே நுழைகின்றன. மூக்குப் பக்கச் சுவரில் சவ்வு ஒட்டியபடியே விடப்பட்டால் ஒரு முழுப் பக்கத்தின் வரத்து அற்றுப்போகும். இதே காரணத்தால், அகலம் குறைந்த அறை விரைவாக எலும்பாகி நிரம்புகிறது. அகன்ற அறையின் நடுப்பகுதிக்கு எலும்பு வந்து சேர நெடுநாள் ஆகிறது. எனவே, ஒருவருக்கு 6 மாதமும் இன்னொருவருக்கு 9 மாதமும் சொல்லப்படுவது மருத்துவரின் விருப்பத்தால் அல்ல. ஸ்கேனில் உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் பலர். அகலத்தையும் அளந்து சொல்லும்படி கேளுங்கள்.

தூள் இடத்தைப் பிடித்து வைக்கத்தான் என்பதற்கு இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. சுவீடனில் லுண்ட்கிரென் என்பவரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட முறையில் தூளே வைக்கப்படவில்லை. சவ்வை உயர்த்தி, கூடாரக் கம்பைப் போல இம்பிளான்ட்டையே கீழிருந்து நிறுத்தி, அந்தச் சவ்வு கீழே விழாமல் தாங்கவிட்டார்கள். இடைவெளியில் இரத்தம் மட்டுமே உறைந்து நின்றது. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அங்கே எலும்பு உருவாகியிருந்தது. இதைப் படித்துவிட்டு, தூள் இல்லாமலே எனக்கும் செய்யலாமே என்று கேட்பது இயல்பு. ஆனால் இம்பிளான்ட் கம்பாக நிற்க வேண்டுமானால் அதைப் பிடித்து நிறுத்தப் போதுமான பழைய எலும்பு வேண்டும். 3 மில்லிமீட்டர் மென்மையான எலும்பில் அந்த உறுதி கிடைப்பது அரிது.

எந்தத் தூள் என்பதற்கு வருகிறேன். நோயாளியின் சொந்த எலும்பை மோவாயிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ, பெரிய அளவு தேவையானால் இடுப்பு எலும்பிலிருந்தோ எடுக்கலாம். அதில் உயிரணுக்கள் இருப்பதால் விரைவாக வேலை செய்யும். ஆனால் விரைவாகக் கரைந்து சுருங்கவும் செய்யும், எடுத்த இடத்தில் இன்னொரு புண்ணும் இருக்கும். தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய மனித எலும்பு, மாட்டெலும்பிலிருந்து புரதம் முழுவதையும் நீக்கிப் பெறப்படும் கனிமத் துகள், ஆய்வகத்தில் செய்யப்படும் கால்சியம் பாஸ்பேட் துகள் ஆகியவை மற்ற வகைகள். மாட்டெலும்புத் துகள் மிக மெதுவாகவே கரையும். பல ஆண்டுகள் கழித்து எடுத்த மாதிரிகளிலும் அந்தத் துகள்கள் புதிய எலும்பின் நடுவே பதிந்திருப்பதைக் காண முடிகிறது. இது குறையாகத் தோன்றலாம். ஒவ்வொரு மூச்சின்போதும் அறைக்குள் ஏற்படும் காற்றழுத்தம் சவ்வைக் கீழே தள்ளப் பார்க்கிறது; அந்த அழுத்தத்துக்கு எதிராக உயரத்தைக் காப்பாற்ற, கரையாத துகளே உதவுகிறது. என் பார்வையில், இந்த ஓர் இடத்துக்கு மெதுவாகக் கரையும் துகளே முதல் தெரிவு. சுரண்டி எடுத்த சொந்த எலும்பு கொஞ்சம் கிடைத்தால் அதோடு கலந்துகொள்ளலாம். சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிஆர்எஃப் என்ற நார்ப்படலம் சவ்வுக்கு இதமாக இருக்கிறது, கையாள எளிது. அதனால் எலும்பு பல மடங்கு வளரும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். துகள் எந்த உயிரினத்திலிருந்து வந்தது என்பது சிலருக்கு நம்பிக்கை சார்ந்த முக்கியமான கேள்வி. அதைத் தயங்காமல் முன்கூட்டியே கேளுங்கள்; மாற்றுகள் உண்டு.

உங்கள் மருத்துவர் தூளையும் இம்பிளான்ட்டையும் ஒரே நாளில் வைக்காமல் இரண்டு கட்டமாகப் பிரித்ததும் சரியே. மிஞ்சிய எலும்பு 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருந்து, அடர்த்தியும் ஏற்றதாக இருந்தால், இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். அதற்குக் கீழே இருந்தால் முதலில் தூள், பிறகு இம்பிளான்ட் என்பதே பாதுகாப்பான வழக்கம். இந்த எண்கள் கல்மேல் எழுத்தல்ல. கைதேர்ந்தவர்கள் 3 மில்லிமீட்டரிலும் ஒரே நாளில் வைத்து வெற்றி பெற்றதுண்டு. ஆனால் ஆடும் இம்பிளான்ட் எலும்போடு ஒட்டுவதில்லை. அதைவிட மோசமாக, அறைக்குள்ளேயே நழுவி விழுந்துவிடலாம், அப்படி விழுந்தால் வெளியே எடுக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை வேண்டும். சில மாதங்களை மிச்சப்படுத்த அந்த ஆபத்தை ஏற்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சிய எலும்பு 5, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்கு, ஜன்னல் இல்லாமல் இம்பிளான்ட் வைக்கும் துளை வழியாகவே தரையை உயர்த்தும் முறை உண்டு. 1994-இல் சம்மர்ஸ் என்பவர் விவரித்த இந்த முறையில், துளையைச் சைனஸ் தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டு, மழுங்கிய உளி போன்ற கருவியைத் தட்டித் தரையை மேலே தள்ளுகிறோம். இப்போது தட்டுவதற்குப் பதில் நீரழுத்தத்தையும் பயன்படுத்துகிறார்கள். வீக்கமும் வலியும் குறைவு. ஆனால் சவ்வைக் கண்ணால் பார்க்க முடியாது, 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்துவது கடினம். தட்டும் அதிர்வால் காதின் உட்பகுதியில் உள்ள துகள்கள் இடம் பெயர்ந்து, எழுந்தவுடன் தலைசுற்றல் வருவதும் சிலருக்கு நேர்கிறது. அது பெரும்பாலும் தலையை வெவ்வேறு நிலைகளில் திருப்பிச் செய்யும் பயிற்சியால் சரியாகிவிடும்.

இனி ஆபத்துகள். மிகுதியாக நேர்வது சவ்வு கிழிவது. பக்கவாட்டு முறையில் ஐந்தில் ஒருவருக்கு ஏறத்தாழ இது நேர்வதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அறைக்குள் குறுக்குச் சுவர்போல் நிற்கும் எலும்பு விளிம்புகள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆர்தர் அண்டர்வுட் 1910-இல் இவற்றை விவரித்ததால் இவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பது ஸ்கேனில் முன்பே தெரிந்தால் ஜன்னலை அதற்கேற்ப அமைக்கலாம். சிறு கிழிசல் சவ்வை மேலும் உயர்த்தும்போது மடிந்து தானே மூடிக்கொள்ளும், அல்லது கரையும் கொலாஜன் தாளால் மூடப்படும். பெருங்கிழிசல் என்றால் தூள் வைக்காமல் ஈறைத் தைத்துவிட்டு, சவ்வு ஆறியபின் சில மாதங்கள் கழித்து மீண்டும் முயல்வதே முறை. அப்படி நிறுத்திவிட்டு வெளியே வந்து சொல்லும் மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். கிழிந்த சவ்வுக்கு மேலே துகள் சிதறினால், அது அறைக்குள் மிதந்து வடிகாலை அடைத்துப் பெருந்தொல்லை தரும். அதைத் தவிர்த்தவர் அவர்.

பக்கச் சுவருக்குள் ஓடும் ஒரு சிறு தமனி வெட்டுப்பட்டால் இரத்தம் கசியும். உயிருக்கு ஆபத்தானதாக மாறுவது அரிது, ஆனால் பார்வையை மறைத்து வேலையைக் கெடுக்கும். தொற்று அரிதாக நேர்கிறது. நேர்ந்தால் கடுமையானது, ஏனெனில் இரத்த ஓட்டம் இன்னும் நுழையாத தூளுக்குள் ஆன்டிபயாடிக் மருந்தும் போய்ச் சேராது. முதல் இரண்டு மூன்று நாட்கள் வீக்கம் ஏறுவதும், கன்னத்தில் நீலம் பாய்வதும், மூக்கில் ஓரிரு முறை இரத்தம் கலந்த சளி வருவதும் இயல்பு. குறைந்துகொண்டு வந்த வலியோ வீக்கமோ ஐந்தாம் நாளுக்குப் பிறகு மீண்டும் ஏறினாலும், ஒரு பக்க மூக்கிலிருந்து துர்நாற்றமுள்ள சளி வந்தாலும், மூக்கிலிருந்து மணல் போன்ற துகள்கள் தொடர்ந்து விழுந்தாலும், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

இத்தகைய தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வித்து அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இருக்கிறது. ஆகவே முன்பரிசோதனையில் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண எக்ஸ்ரே போதாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும், அதுவும் வடிகால் துளை தெரியும் உயரம்வரை எடுத்ததாக இருக்க வேண்டும். தரையை மட்டும் காட்டும் ஸ்கேனை வைத்துக்கொண்டு அறை நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சவ்வு மிகத் தடித்திருந்தாலோ, அறையில் நீர்மட்டம் தெரிந்தாலோ, வடிகால் அடைபட்டிருந்தாலோ, மூக்கில் சதை வளர்ந்திருந்தாலோ, முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். தரையில் குவிமாடம் போல் எழும்பியிருக்கும் சிறு நீர்க்கட்டி பலருக்கும் உண்டு. அது பெரும்பாலும் தீங்கற்றது, சிகிச்சைக்குத் தடையாக இருப்பதில்லை. பக்கத்துப் பல்லின் வேர்நுனியில் சீழ் இருந்தால் அதை விட்டுவிட்டு இதைத் தொடங்கக்கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, தாடைக்குக் கதிர்வீச்சு பெற்ற வரலாறு, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி வழியாகத் தரப்படும் எலும்புக் கரைவு தடுப்பு மருந்துகள், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றில் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

புகைப்பவர்களிடம் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். புகை அந்த நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது, சிறு இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. சளியை வெளியேற்றுவதும் எலும்பை வளர்ப்பதும் அந்த இரண்டும்தான். அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களாவது நிறுத்த முடியாதவர், இதைத் தள்ளிப்போடுவது நல்லது.

பிறகு எடுத்துக்கொள்ள வேண்டிய கவனம் எளிது, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதது. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக்கூடாது, வழிவதைத் துடைத்துக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் அடக்கவோ மூக்கைப் பிடிக்கவோ வேண்டாம், வாயைத் திறந்து தும்முங்கள். உறிஞ்சு குழலில் குடிப்பது, பலூன் ஊதுவது, ஊதுகருவி வாசிப்பது, பளு தூக்குவது, நீருக்குள் முக்குளிப்பது ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை தவிர்க்க வேண்டும். விமானப் பயணம் இருந்தால் தேதியை முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலையை உயர்த்திப் படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். இவை எல்லாம் அறைக்குள் திடீரென அழுத்தம் ஏறி, இன்னும் இறுகாத தூளைக் கலைத்துவிடாமல் இருப்பதற்காகவே. கழற்றி மாட்டும் பல்செட் அந்த இடத்தை அழுத்தினால், தையல் ஆறும்வரை அதை அணியவும் கூடாது.

இவ்வளவும் சரியாக நடந்தால் பலன் நன்றாகவே இருக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இன்றைய இம்பிளான்ட்டுகள், இப்படி உயர்த்தப்பட்ட எலும்பில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழித்தும் 90 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்திருக்கின்றன. பழைய வழவழப்பான மேற்பரப்பு இம்பிளான்ட்டுகள் இந்த அளவுக்கு நிலைக்கவில்லை. காலக் கணக்கையும் முழுமையாகத் தெரிந்துகொள்ளுங்கள்: தூள் வைத்து 6 முதல் 9 மாதம், அதன்பின் இம்பிளான்ட் எலும்போடு ஒட்ட 4 முதல் 6 மாதம், அதன்பின்தான் மேலே பல். ஓராண்டுக்கு மேல் ஆகும்.

மாற்று வழிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 6 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை இம்பிளான்ட்டுகள் இப்போது நல்ல பலன் தருகின்றன. அந்த அளவு எலும்பு இருப்பவருக்குச் சைனஸ் லிஃப்டைவிட அதையே நான் முதலில் எண்ணிப் பார்ப்பேன். உங்கள் 3 மில்லிமீட்டருக்கு அது போதாது. இம்பிளான்ட்டைச் சாய்த்து வைப்பதும், கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட இம்பிளான்ட்டும் பெரும்பாலும் மேல்தாடைப் பற்கள் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கானவை. இரண்டு பற்களுக்காக அங்கே போக வேண்டியதில்லை. பின்னால் ஞானப்பல் உறுதியாக இல்லாவிட்டால், இரு பக்கப் பற்களையும் தாங்கலாகக் கொள்ளும் பிரிட்ஜ் கட்டவும் வழியில்லை. கழற்றி மாட்டும் பல்செட் எப்போதும் ஒரு வழி.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவு. நெதர்லாந்தில் கேய்சர் என்ற ஆய்வாளர், முன்கடைவாய்ப் பற்கள்வரை நலமாக இருந்தாலே பலருக்கு மெல்லுவதற்குப் போதுமானதாக இருக்கிறது என்று 1981-இல் காட்டினார். நாற்பதாண்டுகளாக அந்தக் கருத்து நிலைத்து நிற்கிறது. எதிரே உள்ள கீழ்ப்பற்கள் மெல்ல மேலெழும்புகின்றனவா என்று மட்டும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இரண்டு பற்களும் வேண்டுமென்று இல்லாமல், முதல் கடைவாய்ப்பல் ஒன்றை மட்டும் மீட்டுக்கொள்வதும் நியாயமான இடைவழி. உயர்த்த வேண்டிய பரப்பு பாதியாகக் குறையும், பின்பகுதியில் சுத்தம் செய்யும் சிரமமும் இருக்காது. உங்கள் மருத்துவரிடம் இதை நேராகக் கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய மற்றவை: ஸ்கேனில் வடிகால் துளை தெரிகிறதா, குறுக்குச் சுவர் இருக்கிறதா, அறையின் அகலம் எவ்வளவு, கிழிசல் நேர்ந்தால் என்ன செய்வார், தொற்று வந்தால் எந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவருடன் சேர்ந்து பார்ப்பார். இவற்றுக்குப் பொறுமையாக, ஸ்கேனைத் திறந்து காட்டிப் பதில் சொல்பவரிடம் நம்பிச் செய்துகொள்ளலாம். முடிந்தபின், தூள் டப்பாவிலும் இம்பிளான்ட் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் அடையாளச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி ஸ்கேனுடன் சேர்த்து வையுங்கள். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அந்த இடத்தைத் தொட நேர்ந்தால், உள்ளே என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் அறிய முடியும்.